ஒற்றை நியூக்ளியோடைடை வைத்துக் குதிரை ஹெர்பெஸ் வைரஸுக்கு முத்திரை குத்தாதீர்கள்: ஒரு திறந்த மடல்

குதிரை நோய்களைப் பரிசோதிக்கும் ஆய்வகங்களின் பொறுப்பாளர்களுக்கும், போட்டிகளையும் இனப்பெருக்கப் பண்ணைகளையும் கண்காணிக்கும் கால்நடை மருத்துவர்களுக்கும், தனிமைப்படுத்தல் விதிகளை எழுதும் அமைப்புகளுக்கும் வணக்கம்.

குதிரைகளின் ஹெர்பெஸ் வைரஸ்களைப் பிரித்தெடுத்து, அவற்றின் முழு மரபணுத்தொகுதியையும் வரிசைப்படுத்தி ஒப்பிடுவது எங்கள் வேலை. நீங்கள் எடுத்தனுப்பும் மாதிரிகளும், பொதுத் தரவகங்களில் நீங்கள் பதிக்கும் வரிசைகளும் இல்லாமல் அந்த வேலை ஓரடியும் நகராது. அந்த உரிமையில் ஒன்று கேட்கிறோம். ஈஎச்வி-1 எனப்படும் குதிரை ஹெர்பெஸ் வைரஸ் முதல் வகையின் பரிசோதனை அறிக்கையில் 'நரம்புத் திரிபு' (நரம்பு நோய் தரும் மாறுவகை), 'நரம்பு சாராத திரிபு' என்று எழுதி, அந்தச் சொல்லை வைத்தே தனிமைப்படுத்தலின் கடுமையைக் கூட்டியும் குறைத்தும் முடிவெடுப்பதை நிறுத்துங்கள். அந்த முத்திரை தாங்கக்கூடியதைவிட அதிகப் பாரத்தை அதன்மேல் ஏற்றிவிட்டோம்.

அந்த முத்திரை எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறோம். ஈஎச்வி-1 வைரஸின் மரபணுத்தொகுதி சுமார் 1,50,000 இணைகள் (டிஎன்ஏ எழுத்துச் சோடிகள்) நீளம். ஏபி4 என்ற திரிபின் வரிசை 1992-இல் முழுமையாக வெளியானது. 1980-இல் நான்கு கால்களும் செயலிழந்த ஒரு குதிரையிலிருந்து எடுக்கப்பட்டது அது. 1985-இல் கருச்சிதைவுகள் அடுத்தடுத்து நேர்ந்த ஓரிடத்திலிருந்து வந்த வி592 என்ற திரிபைப் பின்னர் அதனுடன் ஒப்பிட்டார்கள். இரண்டுக்கும் இடையே வேறுபாடு ஏறத்தாழ 0.1 சதவீதம்தான். அந்தச் சிறு வேறுபாட்டுக்குள் ஒன்று மட்டும் நரம்பு நோய் கண்ட இடங்களின் வைரஸ்களோடு திரும்பத் திரும்ப ஒத்துப்போனது. வைரஸின் டிஎன்ஏவைப் படியெடுக்கும் டிஎன்ஏ பாலிமரேஸ் நொதியைக் குறிக்கும் ஓஆர்எஃப்30 மரபணுவின் 2254-ஆம் இடத்தில் அடினின் என்ற எழுத்து இருந்தால் புரதத்தின் 752-ஆம் இடத்தில் ஆஸ்பராஜின் என்ற அமினோ அமிலம் வருகிறது. குவானின் இருந்தால் ஆஸ்பார்ட்டிக் அமிலம் வருகிறது; இந்த வகைக்குத்தான் 'நரம்புத் திரிபு' என்ற முத்திரை. 2006-இல் இந்தத் தொடர்பு வெளியானது. அடுத்த ஆண்டே அந்த ஓர் இடத்தை மட்டும் மாற்றிய வைரஸ்களைக் குதிரைகளில் செலுத்தி, இது வெறும் தற்செயல் அல்ல என்று காட்டினார்கள். ஆஸ்பார்ட்டிக் அமில வகை தொற்றிய குதிரைகளில், வெள்ளை அணுக்களோடு சேர்ந்து ரத்தத்தில் சுற்றும் வைரஸின் அளவு பொதுவாகக் கூடுதல். அது தண்டுவடத்தின் நுண்குழல்களைச் சென்றடைந்து ரத்தநாள அழற்சியைக் கிளப்பும் வாய்ப்பும் அதற்கேற்பக் கூடுகிறது.

ஆகவே கண்டுபிடிப்பு உண்மையானது. அதை நாங்கள் மறுக்கவில்லை. 'வாய்ப்பு கூடுகிறது' என்பது அறிக்கைப் படிவத்தில் 'நரம்பு நோய் வரும்' என்றும், அதன் மறுபக்கம் 'வராது' என்றும் சுருங்கிவிட்டதைத்தான் எதிர்க்கிறோம். இரண்டில் ஆபத்தானது 'வராது' என்பதே. 1984 முதல் 2007 வரை சேமிக்கப்பட்டிருந்த மாதிரிகளைப் பின்னோக்கிப் பார்த்த ஓர் ஆய்வில், நரம்பு நோய் கண்ட குதிரைகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு 'நரம்பு சாராத' ஆஸ்பராஜின் வகையையே கொண்டிருந்தன. 2021 பிப்ரவரியில் ஸ்பெயினின் வலென்சியாவில் நடந்த தாவல் போட்டிகளில் பரவிய வைரஸும் அதே ஆஸ்பராஜின் வகைதான். 18 குதிரைகள் இறந்தன. அங்கிருந்து ஊர் திரும்பிய குதிரைகளோடு தொற்று பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போனது. 10 நாடுகளில் சர்வதேசப் போட்டிகள் நிறுத்தப்பட்டன. முதல் அறிக்கையில் 'நரம்பு சாராத திரிபு' என்று படித்துவிட்டு ஒரு லாயத்தின் கதவைத் திறந்துவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

இன்னொரு சிக்கல் பரிசோதனையின் கட்டமைப்பிலேயே இருக்கிறது. டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டறிய நீங்கள் பயன்படுத்தும் பிசிஆர் முறையில், குறிப்பிட்ட எழுத்தோடு பொருந்தினால் ஒளிரும் இரண்டு ஆய்வுத்துண்டுகள் உள்ளன: ஒன்று அடினினுக்கு, மற்றொன்று குவானினுக்கு. 2018-இல் பிரான்சில் எடுக்கப்பட்ட ஒரு வைரஸில் அதே 2254-ஆம் இடத்தில் சைட்டோசின் இருந்தது. அமினோ அமிலம் ஹிஸ்டிடின் ஆனது. பின்னர் அமெரிக்காவிலும் அந்த வகை கண்டறியப்பட்டது. ஆய்வுக்கூடத்தில் அதன் நடத்தை பெரிதாக மாறுபடவில்லை. ஆனால் இரண்டு ஆய்வுத்துண்டுகளில் எதுவும் அதனோடு சரியாகப் பொருந்துவதில்லை. வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் கிளைக்கோபுரதம் பி மரபணுவுக்கான பிசிஆர் பலமாக நேர்மறை காட்டும். ஓஆர்எஃப்30 பரிசோதனை வெறுமையாகவோ, மங்கிய கோடாகவோ வரும். பல இடங்களில் இதை 'வைரஸ் அளவு குறைவு, வகைப்படுத்த இயலவில்லை' என்று எழுதி மூடிவிடுகிறார்கள்.

அப்படி மூடாதீர்கள். கிளைக்கோபுரதம் பி பிசிஆரின் சிடி மதிப்பு (இது குறையக் குறைய வைரஸ் அதிகம்) 30-க்குக் கீழே இருந்து, ஓஆர்எஃப்30 மட்டும் பதில் சொல்லவில்லை என்றால், 2254-ஐ நடுவில் வைத்துச் சில நூறு இணைகள் நீளமுள்ள துண்டைப் பெருக்கிச் சாங்கர் வரிசைப்படுத்தல் முறையில் எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஒரு நாள் வேலைதான். இரண்டு ஆய்வுத்துண்டுகளும் ஒரே மாதிரியில் ஒளிர்ந்தால் அவசரப்பட்டுக் 'கலப்புத் தொற்று' என்று எழுதவேண்டாம். முதலில் நேர்மறைக் கட்டுப்பாட்டு மாதிரி சிந்திக் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். கட்டுப்பாட்டுக்கு வைத்திருக்கும் பிளாஸ்மிடில் (வளைய டிஎன்ஏவில்) இயற்கையில் இல்லாத ஓர் அடையாளத் துண்டை முன்கூட்டியே செருகி வைத்திருந்தால் இந்தச் சந்தேகம் ஐந்து நிமிடத்தில் தீரும்.

இனி பரிணாமத்துக்கு வருகிறோம். முத்திரை ஏன் பொருளற்றது என்பதை அதுதான் தெளிவாகக் காட்டுகிறது. உலகின் பல பகுதிகளிலிருந்து வந்த ஈஎச்வி-1 மரபணுத்தொகுதிகளின் நீண்ட தனிப்பகுதியை (இரட்டைப் பிரதியாகத் திரும்ப வராத பெரிய பகுதியை) ஒப்பிட்டபோது, அவை 13 கிளைகளாகப் பிரிந்தன. ஆஸ்பார்ட்டிக் அமில வகை அவற்றில் ஒரே கிளையில் அடங்கவில்லை; ஒன்றுக்கொன்று நெருங்காத கிளைகளிலும் தலைகாட்டுகிறது. அதாவது 'நரம்புத் திரிபு' என்று ஒரு வம்சமே கிடையாது. ஒரே மாற்றம் வெவ்வேறு வம்சங்களில் வந்து அமர்ந்திருக்கிறது. இரண்டு பண்ணைகளில் ஒரே வகை வந்தது என்பதற்காக ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பரவியது என்று முடிவு செய்ய முடியாது. வழக்கு, இழப்பீடு, பழிசுமத்தல் எல்லாம் இந்தத் தவறான முடிவிலிருந்து கிளம்புவதால் இதை அழுத்திச் சொல்கிறோம். ஓஆர்எஃப்68 மரபணுவை வைத்து முன்பு ஆறு குழுக்களாகப் பிரித்த முறைக்கும் இதே குறை உண்டு. முழு வரிசையின் கிளைப்படத்தோடு அது பொருந்துவதில்லை. அந்தக் குழு எண்களை இனி அறிக்கையில் எழுதவேண்டாம்.

வேறுபாடுகள் ஏன் இவ்வளவு குறைவு என்பதற்கும் காரணம் உண்டு. இந்த வைரஸின் பாலிமரேஸ் தான் எழுதியதைத் தானே சரிபார்க்கும். ஆர்என்ஏ வைரஸ்கள்போல் வாரத்துக்கு வாரம் மாறாது. போதாக்குறைக்கு, தொற்றிய குதிரையின் முப்பிரிவு நரம்புமுடிச்சிலும் நிணநீர் முடிச்சுகளிலும் ஆண்டுக்கணக்கில் பெருகாமல் ஒளிந்திருக்கும். இறந்த 132 பெண்குதிரைகளின் தாடைக்கீழ் நிணநீர் முடிச்சுகளைச் சோதித்த ஓர் அமெரிக்க ஆய்வில் 54 சதவீதத்தில் ஒளிந்திருந்த ஈஎச்வி-1 கிடைத்தது. அவற்றில் 18 சதவீதம் ஆஸ்பார்ட்டிக் அமில வகை. ஆகவே இன்று ஒரு லாயத்தில் வெடிக்கும் வைரஸ், பல ஆண்டுகளுக்கு முன் குட்டியாக இருந்தபோது ஒரு குதிரை வாங்கி வைத்திருந்ததாக இருக்கலாம். பயணக் களைப்பு, கருவுறல், ஸ்டீராய்டு மருந்து, ஏதேனும் ஒன்று போதும் அதை எழுப்ப. இரண்டு வரிசைகளுக்கு இடையே உள்ள மாற்றங்களை எண்ணி, இத்தனை மாதத்துக்கு முன் பிரிந்தவை என்று கணக்குப் போடுவது இந்த வைரஸில் சரிவராது. ஒளிந்திருக்கும் காலத்தில் கடிகாரம் நின்றுவிடுகிறது.

ஈஎச்வி-4 உறவினர்தான், 1980-களின் தொடக்கம் வரை இரண்டையும் ஒரே வைரஸின் துணைவகைகளாகவே கருதினார்கள். ஆனால் பரிணாம நடத்தையில் பெரிய வித்தியாசம். ஈஎச்வி-4 திரிபுகள் தங்களுக்குள் தாராளமாக மறுசேர்க்கை செய்துகொள்கின்றன, அதாவது டிஎன்ஏ துண்டுகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்கின்றன. களத்திலிருந்து எடுத்த வரிசைகளை 2016-இல் ஒப்பிட்டபோது ஈஎச்வி-4-இல் அதன் தடயங்கள் பரவலாகத் தெரிந்தன, ஈஎச்வி-1-இன் கள வரிசைகளில் அப்படித் தெரியவில்லை. குட்டிகளிடையே ஈஎச்வி-4 மிகச் சாதாரணம், மூக்குப்பாதையின் மேற்புறச் செல்களில் இரண்டு திரிபுகள் ஒரே நேரத்தில் சந்திப்பது எளிது என்பது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்பது எங்கள் கணிப்பு. நடைமுறையில் இதன் பொருள்: ஈஎச்வி-4-க்கு ஒரு மரபணுவை மட்டும் வைத்துக் கிளைப்படம் வரையவே கூடாது. கிளைக்கோபுரதம் பி ஒரு கதை சொல்லும், பாலிமரேஸ் வேறொன்று சொல்லும், இரண்டும் அந்தந்தத் துண்டுக்கு உண்மையாக இருக்கும். முதலில் மறுசேர்க்கைச் சோதனையை ஓட்டி, முறிவுப் புள்ளிகளை (துண்டுகள் மாறிய இடங்களை) கண்டு, அதன்பிறகே கிளைப்படம். அல்லது கிளைப்படத்துக்குப் பதில் வலைப்பின்னல் வரைபடம்.

ஈஎச்வி-1 மறுசேர்க்கையே செய்யாது என்றும் முழுக்க நம்பிவிட முடியாது. 2010-இல் ஜெர்மனியின் வுப்பர்டால் விலங்குக் காட்சியகத்தில் நரம்பு அறிகுறிகளோடு ஒரு துருவக்கரடி இறந்தது. அதில் கிடைத்த வைரஸ், வரிக்குதிரைகளில் காணப்படும் ஈஎச்வி-1-உம் ஈஎச்வி-9-உம் கலந்த ஒன்று. கலந்த இடம் அதே பாலிமரேஸ் மரபணு. ஈஎச்வி-9 முதன்முதலில் 1993-இல் ஜப்பானில் காட்சியகத்து தாம்சன் கசல் மான்களில் தெரியவந்தது. கழுதைகளின் ஈஎச்வி-8-உம் ஈஎச்வி-1-க்கு மிக நெருங்கியது. குதிரை, கழுதை, வரிக்குதிரை மூன்றும் ஒரே வேலிக்குள் நிற்கும் இடங்களிலிருந்து வரும் மாதிரியை ஈஎச்வி-1 பிசிஆர் நேர்மறை காட்டியதோடு விட்டுவிடாதீர்கள். பிசிஆர் பெருக்கலைத் தொடங்கிவைக்கும் உங்கள் தொடக்கத்துண்டுகள் ஈஎச்வி-8, ஈஎச்வி-9 இரண்டையும் பெருக்கிவிடுமா என்பதை வரிசைகளோடு ஒப்பிட்டு ஒருமுறை சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாதிரி எடுப்பதில் நடக்கும் தவறுகளால்தான் எங்களுக்கு வரும் பொருளில் பெரும்பகுதி வீணாகிறது. மூக்குத் துடைப்புக்குச் செயற்கை இழை முனையுள்ள நீண்ட துடைப்பான் வேண்டும். கால்சியம் ஆல்ஜினேட் முனையும் மரக்குச்சியும் பிசிஆரைக் கெடுக்கும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ சேர்த்த குழாயில் வரவேண்டும். ஹெப்பாரின் குழாய் வேண்டாம், ஹெப்பாரின் பாலிமரேஸைத் தடுக்கும். வைரஸ் இருப்பது வெள்ளை அணுக்களில். முழு ரத்தத்தை அப்படியே உறைய வைத்தால் சிவப்பணுக்கள் உடைந்து, வெளிவரும் ஹீமோகுளோபின் சோதனையைக் குழப்பும். குழாயை 4 டிகிரி செல்சியஸில் அனுப்பி, ஆய்வகத்தில் வெள்ளை அணுப் படலத்தைப் பிரித்த பிறகு மைனஸ் 80-இல் வையுங்கள்.

நேரம் இன்னும் முக்கியம். மூக்கிலிருந்து வைரஸ் வெளியேறுவது காய்ச்சலின் முதல் நாள்களில் உச்சம். நரம்பு அறிகுறிகள் தொற்றிய ஆறு முதல் பத்து நாள்களில், ரத்தத்தில் வைரஸ் சுற்றும் கட்டத்தின் கடைசியில் வருகின்றன. அப்போது காய்ச்சல் வந்து போயிருக்கும், மூக்குத் துடைப்பு எதிர்மறையாகவும் இருக்கலாம். தள்ளாடும் குதிரையிடம் ஒரே துடைப்பு எடுத்து 'எதிர்மறை' என்று எழுதுவது பயனற்றது. மூக்குத் துடைப்பும் ரத்தமும் இரண்டும் வேண்டும். அதே லாயத்தில் காய்ச்சல் மட்டும் உள்ள குதிரைகளிடமிருந்தும் எடுக்கவேண்டும். வரிசைப்படுத்தலுக்கு உதவும் மாதிரி பெரும்பாலும் அந்தக் காய்ச்சல் குதிரைகளிடமே இருக்கும். கருச்சிதைவு என்றால் வேலை சுலபம்: கருவின் நுரையீரல், கல்லீரல், மண்ணீரல், தைமஸ் ஆகியவற்றில் வைரஸ் ஏராளம். ஃபார்மலினில் போடும் முன் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை உறைய வையுங்கள்.

செல் வளர்ப்பில் ஒரு வலை இருக்கிறது. முயல் சிறுநீரகத்திலிருந்து வந்த ஆர்கே-13 செல்களில் ஈஎச்வி-1 நன்றாக வளரும். ஈஎச்வி-4 அங்கே சரியாக வளராது, அதற்குக் குதிரைச் செல்களே வேண்டும். ஆர்கே-13 மட்டும் வைத்திருக்கும் ஆய்வகம் ஈஎச்வி-4-ஐ ஆண்டு முழுவதும் தவறவிடும். அதோடு, வேற்று விலங்கின் செல்களில் தொடர்ந்து வளர்த்தால் வைரஸ் மரபணுக்களை இழக்கும். உயிருள்ள தடுப்பூசிக்கு அடிப்படையான ராக்-எச் திரிபு, பன்றிச் சிறுநீரகச் செல்களில் 256 முறை மாற்றி வளர்க்கப்பட்டது. ஓஆர்எஃப்67 மரபணுவின் இரண்டு பிரதிகளும் அதில் இல்லை. அந்த இழப்பு உங்களுக்கு உதவும்: தடுப்பூசி போட்ட குதிரையிடம் கிடைத்த வைரஸ் தடுப்பூசியுடையதா, வெளியிலிருந்து வந்ததா என்ற கேள்விக்கு ஓஆர்எஃப்67 பிசிஆர் விரைவான பதில் தரும். ஆகவே வரிசையோடு எந்தச் செல், எத்தனையாவது மாற்று வளர்ப்பு என்பதையும் எழுதுங்கள். மூன்றுக்கு மேல் போகாமலிருந்தால் நல்லது.

சிடி மதிப்பு 25-க்குக் கீழே இருந்தால் வளர்க்காமலேயே மாதிரியிலிருந்து நேரடியாக வரிசைப்படுத்த முயலலாம். குதிரையின் டிஎன்ஏ வைரஸை மூழ்கடித்துவிடும் என்பதால் தூண்டில் ஆய்வுத்துண்டுகளால் வைரஸைப் பிடித்துச் செறிவாக்க வேண்டும். அந்தத் தூண்டில்களை ஏபி4-ஐ மட்டும் பார்த்து வடிவமைக்காதீர்கள். மாறுபட்ட பகுதிகள் வலையில் சிக்காமல் போகும். பல கிளைகளின் வரிசைகளையும் ஈஎச்வி-8, ஈஎச்வி-9 வரிசைகளையும் சேர்த்து வடிவமையுங்கள்.

தொகுக்கும்போது நடக்கும் ஒரு தவறு மற்ற எல்லாவற்றையும்விடக் கேடானது. வாசிப்பு (கருவி படித்த டிஎன்ஏ துண்டு) கிடைக்காத இடங்களை, ஏபி4 போன்ற ஒப்பீட்டு வரிசையின் எழுத்துகளால் நிரப்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்த ஒவ்வொரு வரிசையும் கிளைப்படத்தில் ஏபி4-க்குப் பக்கத்தில் போய் உட்காரும். இல்லாத உறவு உருவாகும். பிறகு அதைத் தரவகத்திலிருந்து களைய வழியில்லை. 20 வாசிப்புகளுக்குக் குறைவான இடத்தைத் தெரியாத இடம் என்றே குறியுங்கள். குறுகிய தனிப்பகுதியின் இருபுறமும் சுமார் 12,700 இணைகள் நீளமுள்ள ஒரே வரிசை தலைகீழாகத் திரும்ப வருகிறது. 64 முதல் 67 வரையான மரபணுக்கள் அதில் இரட்டையாக உள்ளன. குறும் வாசிப்புகள் எந்தப் பிரதிக்குரியவை என்று மென்பொருளுக்குத் தெரியாது. பொருத்தும் முன் ஒரு பிரதியை நீக்கிவிடுங்கள், கிளைப்படத்துக்கு மறுபிரதியையும் மறைத்துவிடுங்கள். சுத்தம் செய்யாத மூல வாசிப்புகளையும் சேர்த்தே பதியுங்கள்.

காமா ஹெர்பெஸ் வைரஸ்களான ஈஎச்வி-2, ஈஎச்வி-5 பற்றி ஒரு சொல். இவை ஏறத்தாழ 1,80,000 இணைகளுக்கு மேல் நீளமானவை. ஈஎச்வி-2 தன் ஓம்புயிரிடமிருந்து, நோயெதிர்ப்பை அடக்கும் இன்டர்லூக்கின்-10 போன்ற மரபணுவைக் கவர்ந்து வைத்திருக்கிறது. குட்டிகள் பிறந்த சில வாரங்களிலேயே தொற்றிவிடும். ஒரே குதிரையில் பல மரபுவகைகள் சேர்ந்து வாழும். அத்தகைய மாதிரியிலிருந்து ஒரு பொதுவரிசை எடுத்தால், எந்த வைரஸிலும் இல்லாத ஒட்டுவரிசை ஒன்று கிடைக்கும். செல் வளர்ப்பில் வைரஸ் உண்டாக்கும் தனித்தனிக் கொப்புளங்களைப் பொறுக்கிச் சுத்திகரிக்கவும், அல்லது நீண்ட வாசிப்புகளைப் பயன்படுத்தவும். நுரையீரல் நார்த்திசு முடிச்சு நோயோடு ஈஎச்வி-5-க்கு உள்ள தொடர்பு, எந்த மரபுவகையால் என்ற கேள்வியில்தான் இன்னும் நிற்கிறது. கலந்த வரிசைகளால் அதற்குப் பதில் கிடைக்காது. ஈஎச்வி-3 இனச்சேர்க்கையில் பரவும் புண்களோடு நிற்கிறது. அதன் வரிசைகள் மிகக் குறைவாகவே இருப்பதால், கிடைக்கும் ஒவ்வொன்றும் எங்களுக்கு வேண்டும்.

விதிகளை எழுதுவோரிடம் கேட்பது சுருக்கமானது. ஈஎச்வி-1 உறுதியானால் 752-ஆம் இடத்தில் எது இருந்தாலும் ஒரே விதி: லாயத்தில் உள்ள எல்லாக் குதிரைகளுக்கும் நாளுக்கு இருமுறை வெப்பநிலை, காய்ச்சல் குறைக்கும் மருந்து கொடுப்பதற்கு முன், 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அன்றே பிரித்து வைத்து மாதிரி. கடைசிக் காய்ச்சலுக்குப் பின் 21 முதல் 28 நாள் போக்குவரத்துத் தடை. வாளி, கடிவாளம், மூக்குக் கயிறு எதுவும் லாயம் மாறக்கூடாது. கிருமிநாசினிக்கு முன் சோப்புநீரால் கழுவவேண்டும், சாணமும் சளியும் ஒட்டியிருந்தால் குளோரின் செயலிழக்கும். தடுப்பூசி போட்ட சான்றிதழைக் காட்டி இவற்றிலிருந்து விலக்குக் கேட்பவர்களுக்கு விலக்கு அளிக்காதீர்கள். வைரஸ் வெளியேறும் அளவை அது குறைக்கலாம், நரம்பு நோயைத் தடுக்கும் என்று உறுதியளிக்கும் தடுப்பூசி இல்லை.

அறிக்கைப் படிவத்தில் 'நரம்புத் திரிபு' என்ற வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 'ஓஆர்எஃப்30, 752: ஆஸ்பராஜின் / ஆஸ்பார்ட்டிக் அமிலம் / ஹிஸ்டிடின் / மற்றவை' என்று அச்சிடுங்கள். அதன்கீழ் ஒரே வாக்கியம்: 'இந்த முடிவு தனிமைப்படுத்தல் நடவடிக்கையை மாற்றாது.' வரிசையைப் பதியும்போது மாதிரி எடுத்த தேதி, விலங்கினம், வயது, அறிகுறி, திசு, தடுப்பூசி வரலாறு, நாடு ஆகிய ஏழும் இருக்கட்டும். பண்ணையின் பெயரும் உரிமையாளர் பெயரும் வேண்டாம். பெயர் வெளியே வரும் என்ற அச்சம்தான் பல மாதிரிகளை உறைபெட்டியிலேயே முடக்கி வைத்திருக்கிறது. அடுத்த முறை படிவங்களை அச்சடிக்கும் முன் இந்த மாற்றங்களைச் செய்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
குதிரை ஹெர்பெஸ் வைரஸ்களின் மரபணு ஆய்வில் ஈடுபட்டிருப்போர்